உங்களுக்குத் தெரியுமா? கரண்ட் கொடுத்தால் காலடிக்கு வரும் உயிர்கள்!

எலிப்பொறியில் மசால் வடை மாட்டி எலி பிடிப்பதெல்லாம் பழைய கதை! வடை வேண்டாம், வாசனை வேண்டாம், வெறும் கரண்டைக் காட்டியே எலியை இழுத்திருக்கிறார்கள் தெரியுமா? எலி மட்டுமா? டால்பின், தேனீ, ஈ, அட, நத்தையைக்கூட விடவில்லை! உலகம் முழுக்க உள்ள ஆய்வுக்கூடங்களிலிருந்து பொறுக்கி எடுத்த முத்துகள் இதோ. ஒவ்வொன்றும் ஒரு ரகம். ஆரம்பிக்கலாமா?

குறி தப்பிய கம்பி!

மூளையில் இன்பத்துக்கென்று தனி இடம் இருப்பதைக் காட்டிக்கொடுத்ததே குறி தப்பிப் போன ஒரு கம்பிதான்! கனடாவில் மான்ட்ரியல் நகரம், மெக்கில் பல்கலைக்கழகம், ஆண்டு 1953. ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர், எலி மூளையில் விழிப்பைத் தூண்டும் பகுதிக்குள் கம்பி இறக்கப் பார்த்தார்கள். கம்பி வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்தது. அதுதான் ஜாக்பாட்!

மேசைமேல் ஒரு பெட்டி, அதற்குள் எலி. குறிப்பிட்ட ஒரு மூலைக்கு எலி போகும்போதெல்லாம் ஓல்ட்ஸ் கையால் ஸ்விட்சைத் தட்டி லேசாக கரண்ட் விட்டார். எலி பயந்து ஓடியிருக்க வேண்டும் அல்லவா? இது சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே மூலைக்கு வந்து நின்றது. இரண்டாவது முறை கரண்ட் விட்டதும் இன்னும் சீக்கிரமாக வந்தது. மூன்றாவது முறை சந்தேகமே இல்லை. எலி 'இன்னும் கொடு' என்று கேட்டு வந்து நின்றது!

அந்த மூலைதான் பிடித்துப்போய்விட்டதோ? அதுவும் இல்லை! எதிர் மூலையைப் பார்த்து ஓர் அடி வைத்தால் கரண்ட், அடுத்த அடி வைத்தால் மறுபடி கரண்ட் என்று கொடுத்தார்கள். சில நிமிடங்களில் எலி எதிர் மூலையில் ஆஜர்!

இவ்வளவு பெரிய மூளைக் கண்டுபிடிப்பைச் செய்த இருவரும் மூளை டாக்டர்கள் அல்ல! ஓல்ட்ஸ் ஹார்வர்டில் சமூக உளவியல் படித்தவர். மில்னர் பொறியாளர். அணுசக்தி வேலைக்காகக் கனடா வந்த ஆசாமி!

எலியின் மண்டைக்குள் போன கம்பி எவ்வளவு தடிமன் தெரியுமா? வெறும் கால் மில்லிமீட்டர்! இனாமல் பூசிய வெள்ளிக் கம்பி. மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்பு கிடையாது என்பதால், கம்பி உள்ளே இருப்பதே தெரியாமல் எலி ஹாயாக ஓடிக்கொண்டிருந்தது!

1954-இல் வெளிவந்த அந்தக் கட்டுரை மொத்தமே 9 பக்கம்தான்! சோதனையில் இருந்த எலிகள் 15. உலகத்தின் உளவியல் பாடப் புத்தகங்களையெல்லாம் திருத்தி எழுத இவ்வளவு போதுமாக இருந்தது!

லீவர் பைத்தியம்!

அடுத்து, 'ஸ்விட்சை எலி கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன?' என்று யோசித்தார்கள். கூண்டில் ஒரு லீவர். மிதித்தால் மூளைக்குக் கரண்ட். ஓர் எலி 12 மணி நேரத்தில் எத்தனை தடவை மிதித்தது? 7,500-க்கும் மேல்!

இதற்கே வாயைப் பிளந்தால் எப்படி? கம்பியைக் கொஞ்சம் தள்ளி ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதிப் பக்கம் இறக்கியதும் சில எலிகள் மணிக்கு 5,000 தடவை வரை லீவரை அடித்தன! ஒரு நொடிக்கு ஒன்றுக்கும் மேல்!

24 மணி நேரமும் விடாமல், மணிக்கு 2,000-க்கும் அதிகமாக மிதித்த எலிகளும் உண்டு. ஒரே நாளில் 48,000! தூக்கம் மறந்தன, ஓய்வு மறந்தன. கடைசியில் களைத்துச் சரிந்தன!

இன்னொரு சாதனையாளர் இருக்கிறார்! 1964-இல் பதிவான எலி. நிமிடத்துக்குச் சராசரி 29 தடவை. எத்தனை நாள்? 20 நாள்! கணக்குப் போட்டுப் பாருங்கள், 8 லட்சத்தைத் தாண்டும்!

நடுவில் ஷாக் அடிக்கும் கம்பித் தரை. அக்கரையில் லீவர். 24 மணி நேரம் பட்டினி கிடந்த எலி சோற்றுக்காகத் தாங்கிய ஷாக்கைவிட, மூளைக் கரண்டுக்காக வந்த எலி தாங்கிய ஷாக் அதிகம்!

பசித்த எலிக்கு முன்னால் தீனியையும் லீவரையும் வைத்தார்கள். தீனி அப்படியே கிடந்தது. எலி லீவர் பக்கம்! இதை ஓல்ட்ஸ் 1956-லேயே எழுதிவிட்டார்.

1965-இல் ஒரு கொடூரமான சோதனை. நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம்தான். அதற்குள் ஒரு லீவரில் சோறு, இன்னொரு லீவரில் மூளைக் கரண்ட். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். கரண்டையே எடுத்துக்கொண்டு பட்டினியில் செத்துப்போன எலிகள் உண்டு!

ஆனால் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது! ஒரு மணி நேரக் கெடுபிடி இல்லாமல் நாள் முழுக்க லீவரைத் திறந்துவிட்டால்? அதே இன எலிகள் சாப்பிட்டன, தண்ணீர் குடித்தன, உயிரோடு இருந்தன. அந்த 20 நாள் சாதனை எலியும் அப்படித்தான்!

கரண்டை நிறுத்தினால் என்ன ஆகும்? ஆயிரக்கணக்கான தடவை மிதித்துப் பழகிய எலி, நாள் கணக்கில் ஏங்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! கொஞ்ச நேரம் மிதித்துப் பார்க்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிடும்!

படுத்த எலியை எழுப்ப வழி உண்டு. ஓசியில் ஒரே ஒரு தடவை கரண்ட் கொடுங்கள். அவ்வளவுதான்! துள்ளி எழுந்து மறுபடி லீவருக்கு ஓடும்!

எலி மூளை முழுக்கக் கம்பி இறக்கி ஓல்ட்ஸ் ஒரு வரைபடமே போட்டார். 60 சதவீத இடங்களில் கரண்ட் விட்டால் எலிக்கு ஒன்றும் இல்லை. 5 சதவீத இடங்களில் ஓட்டம் பிடிக்கும். 35 சதவீத இடங்களில் 'இன்னும் இன்னும்'!

ஒரே இடம், ஒரே கரண்ட். எலி தானே லீவரை மிதித்து அதைப் போடும். கொஞ்ச நேரத்தில் தானே சக்கரத்தைச் சுழற்றி அதை அணைக்கும். மறுபடி போடும், மறுபடி அணைக்கும்! 1958-இல் பவர், மில்லர் என்ற இருவர் கண்டது இது. தொடக்கத்தில் இனிப்பு, நீண்டால் கசப்பு!

ஆண் எலிக்கு விரை நீக்கம் செய்தால், மூளையின் சில இடங்களில் லீவர் மிதிப்பு குறைந்துபோகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால்? பழைய வேகம் திரும்புகிறது! இதுவும் ஓல்ட்ஸ் கண்டுபிடிப்புதான்.

பசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இதில் ஓர் இந்தியரின் கைவரிசை இருக்கிறது! பால் கிருஷன் ஆனந்த். 1951-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பிரோபெக் என்பவருடன் சேர்ந்து, எலியின் ஹைப்போதலாமஸின் பக்கவாட்டில் இரண்டு சின்னப் புள்ளிகளைச் சுட்டுப் பொசுக்கினார். சோற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தும் எலி வாய் வைக்கவில்லை! இவர்தான் பின்னால் டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறையை நிறுவியவர்!

அதே இடத்துக்குப் பக்கத்தில் கரண்ட் விட்டால் எலி சாப்பிடுகிறது. அதே கரண்டுக்காக லீவரும் மிதிக்கிறது! ஹோபெல், டைட்டெல்பாம் இருவரும் 1962-இல் எலியின் வயிற்றுக்குள் உணவைச் செலுத்தினார்கள். லீவர் மிதிப்பு சட்டெனக் குறைந்தது. வயிறு நிறைந்தால் கரண்டும் சலிக்கும்!

இது இன்னும் வேடிக்கை! கரண்ட் விட்டால் எலி தின்கிறது. சரி, தீனியை எடுத்துவிட்டு அதே கம்பி, அதே கரண்ட் கொடுத்தார்கள். எலி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது! சில எலிகள் மரக்கட்டையைக் கடித்தன! 1968-இல் வேலன்ஸ்டைன் குழு காட்டிய வித்தை இது. கரண்ட் 'தேடு' என்கிறது. எதைத் தேடுவது என்று எதிரில் கிடக்கும் பொருள் சொல்கிறது!

வெறும் தண்ணீரை இனிக்க வைக்க முடியுமா? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜூக்கர் குழு 2015-இல் செய்தது. சுண்டெலி மூளையின் இனிப்புப் பகுதியில் ஒளி பாய்ச்சினால் (ஒளி எப்படி வேலை செய்கிறது என்று பின்னால் சொல்கிறேன்) மடக் மடக்கென்று குடிக்கிறது. கசப்புப் பகுதியில் பாய்ச்சினால் குமட்டுகிறது, வாயைத் துடைக்கிறது. நாக்கில் பட்டது என்னவோ வெறும் தண்ணீர்தான்!

வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பு இரண்டு பக்கமும் உண்டு. வலப்பக்க நரம்பைத் தூண்டினால் சுண்டெலிக்குக் குஷி, தானே மூக்கால் பட்டனை முட்டிக் கேட்கிறது! இடப்பக்க நரம்பைத் தூண்டினால்? ஒன்றும் இல்லை! 2018-இல் வந்த செய்தி.

டோபமின் என்ற மூளை ரசாயனம் சுரக்கவே முடியாத சுண்டெலிகளை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பால்மிட்டர் குழு உருவாக்கியது. கண்ணெதிரே தீனி, ஆனால் எழுந்து போய் எடுக்கத் தோன்றாது! சில வாரங்களில் பட்டினியால் சாகும். டோபமினாக மாறும் எல்-டோபா மருந்தைக் கொடுத்தால் எழுந்து போய் வெளுத்துக்கட்டும்!

எலி மட்டுமா?

பூனை, நாய், முயல், கினிப்பன்றி, குரங்கு, புறா, கோழி. மூளைக்குக் கரண்ட் கிடைக்கும் என்றால் வேலை செய்யத் தயாரான பட்டியல் இது. ஒரு மாதிரிக்குத்தான் சொன்னேன், பட்டியல் இன்னும் நீளம்!

தங்கமீனும் விதிவிலக்கல்ல! 1962-இல் பாய்ட், கார்ட்னர் என்ற ஆய்வாளர்கள் மீன் மூளையிலும் 'வேண்டும்' இடத்தையும் 'வேண்டாம்' இடத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். தொட்டிக்குள்ளேயே இவ்வளவு ஆசை!

1950-களின் கடைசியில் ஜான் லில்லி டால்பின் மூளையில் கம்பி இறக்கினார். டால்பின் தன் மூக்கு நுனியால் ஸ்விட்சைத் தள்ளக் கற்றுக்கொண்டது. குரங்கைவிட மிகக் குறைந்த முயற்சிகளிலேயே! ஆச்சரியப்பட்ட லில்லி மீதி வாழ்க்கையில் பெரும் பகுதியை டால்பினுக்கே எழுதிவைத்தார்!

நத்தை! ஆமாம், சாட்சாத் நத்தையேதான்! ரஷ்ய விஞ்ஞானி பாவெல் பலபன் 1993-இல் வெளியிட்டது. பாலுறவு நடத்தையோடு தொடர்புள்ள மூளைப் பகுதிக்குக் கரண்ட் வந்தால், நத்தை எதிரில் இருக்கும் குச்சியைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது! உடலைச் சுருக்கவைக்கும் பகுதிக்கு வந்தாலோ, குச்சிப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை!

தேனீயின் மூளையில் ஏறக்குறைய 10 லட்சம் நியூரான்கள். அதில் ஒன்றே ஒன்றைத் தூண்டினால்? சர்க்கரை கொடுத்ததற்குச் சமம்! 1993-இல் ஜெர்மானியர் மார்ட்டின் ஹாமர் ஒரு வாசனையைக் காட்டியபடி அந்த ஒற்றை நியூரானைத் தூண்டினார். ஒரு துளி சர்க்கரைகூடத் தராமலே தேனீ அந்த வாசனையைக் கற்றுக்கொண்டு நாக்கை நீட்டியது!

பழ ஈக்கு நடக்காத ஒன்றை நடந்ததாக நினைக்கவைக்க எத்தனை நியூரான் வேண்டும்? 12! இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 2009-இல் கண்டது. ஒரு வாசனையோடு அந்த 12-ஐயும் ஒளியால் தட்டினார்கள். ஷாக்கே வாங்காத ஈ, ஷாக் வாங்கியதுபோல் அந்த வாசனையைக் கண்டு ஒதுங்கியது!

இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் ஆண் ஈக்களுக்குச் சிவப்பு விளக்கு போட்டார்கள். விளக்கு பட்டால் விந்து வெளிப்படும்படி அவற்றின் நியூரான்கள் மாற்றப்பட்டிருந்தன. ஈக்கள் சிவப்பு விளக்கடியிலேயே மொய்த்தன! அது மட்டுமா? அந்த ஈக்களுக்குச் சாராயத்தில் ஆசை குறைந்துபோனது! 2018 செய்தி.

யேலில் ஹோசே டெல்கடோ வளர்த்த குரங்குக் கூட்டத்தில் அலி என்றொரு முரட்டுத் தலைவன். அவன் மூளையில் ஒரு கம்பி. அதை இயக்கும் லீவர் கூண்டுச் சுவரில். அதைக் கண்டுபிடித்தது யார்? எல்சா என்ற சின்னப் பெண் குரங்கு! அலி முறைத்தால் போதும், எல்சா லீவரை அமுக்கிவிடும். முரடன் அடங்கிவிடுவான்!

அதே டெல்கடோ ஸ்பெயினில் காளை வளையத்துக்குள் இறங்கினார். கையில் ரேடியோ ரிமோட். பாய்ந்து வந்த லூசெரோ என்ற காளை, பட்டனைத் தட்டியதும் சில அடி தூரத்தில் பிரேக் போட்டு நின்றது! 1965 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் முதல் பக்கச் செய்தி! காளையின் கோபம் தணிந்ததா, வெறுமனே கால்தான் திரும்பியதா என்று அப்போது எழுந்த சண்டை வெகுகாலம் ஓயவில்லை!

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 2014-இல் குரங்குகளுக்கு இரண்டு படங்கள் காட்டினார்கள். எந்தப் படம் அதிகம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள். பிடிக்காத படத்தோடு மூளைக் கரண்டைச் சேர்த்தார்கள். குரங்கு கட்சி மாறியது! கரண்டை மறுபக்கம் மாற்றினார்கள். மறுபடியும் கட்சித் தாவல்!

ரிமோட் எலி!

2002. நியூயார்க்கின் புரூக்ளின். சஞ்சீவ் தல்வார், ஜான் சேப்பின் குழு 5 எலிகளின் முதுகில் குட்டிப் பை மாட்டியது. இடது மீசையைத் தொட்டதுபோல் மூளைக்கு ஒரு சிக்னல் தந்தால் எலி இடப்பக்கம் திரும்பும். வலது மீசை என்றால் வலப்பக்கம். சரியாகத் திரும்பினால் இன்பப் பாதைக்கு ஒரு கரண்ட். அவ்வளவுதான் சம்பளம்!

லேப்டாப் முன்னால் உட்கார்ந்தவருக்கும் எலிக்கும் இடையில் 500 மீட்டர் வரை இடைவெளி இருக்கலாம்! ஒரு மணி நேரம் வரை இடைவிடாமல், நொடிக்குச் சராசரி 30 செ.மீ. வேகத்தில் ஓட்டினார்கள்!

ஏணி ஏறின, மரம் ஏறின, இடிபாட்டுக்குள் நுழைந்தன. எலி அறவே வெறுக்கும் பளிச்சென்ற வெட்டவெளியிலும் ஓடின! பூகம்ப இடிபாடுகளில் ஆள் தேட இவை உதவும் என்று அப்போதே பேச்சு கிளம்பிவிட்டது.

ரிமோட்டும் பழசாகிவிட்டது! 2019-இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகம் ஒருபடி மேலே போனது. மனிதர் மனத்தில் நினைக்கிறார், தலையில் மாட்டிய கருவி படிக்கிறது, எலி மூளைக்குக் கட்டளை போகிறது. எலி சந்து சந்தாக வளைந்து வழியைக் கடக்கிறது! பட்டனே தேவையில்லை!

ஆசை வேறு, ருசி வேறு!

மேலே சொன்ன எலிகளுக்கெல்லாம் கரண்ட் 'பிடித்திருந்தது' என்று நினைத்தீர்களா? அங்கேதான் ட்விஸ்ட்! மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் வேலன்ஸ்டைனும் 1991-இல் எலிக்குக் கரண்ட் விட்டுத் தின்னவைத்து, அதன் முகத்தைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எலி அள்ளி அள்ளித் தின்றது. முகத்தில் ருசித்த அறிகுறி கூடவே இல்லை. கசப்பைச் சுவைத்ததுபோன்ற சுளிப்புதான் தெரிந்தது!

எலி முகத்தை எப்படிப் படிப்பது என்கிறீர்களா? இனிப்பு என்றால் நாக்கை நீட்டி உதட்டை நக்கும். கசப்பு என்றால் வாயை 'ஆ'வென்று பிளக்கும். பிறந்த குழந்தையும் அப்படியே, ஒராங்குட்டானும் அப்படியே! மூன்றுக்கும் ஒரே முகபாவம்!

டோபமின் கிட்டத்தட்ட மொத்தமும் போய்விட்ட எலி, சோற்றைத் தேடிப் போகாது. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால்? உதட்டை நக்கி ரசிக்கும்! ஆசை போனாலும் ருசி போகவில்லை!

எலி மூளையில் ருசியை உண்மையிலேயே கூட்டித் தரும் ஓர் இடத்தைப் பெரிட்ஜ் குழு கண்டுபிடித்தது. மூளைக்குள்ளேயே ஊறும் அபின் போன்ற பொருளின் நகலைத் துளி அங்கே விட்டால் சர்க்கரை இன்னும் தித்திக்கும்! அந்த இடத்தின் அளவு? ஒரு கன மில்லிமீட்டர்!

இது உச்சம்! தொட்டால் ஷாக் அடிக்கும் ஒரு குச்சி. எலி அதைத் தொடும்போதெல்லாம் மூளையின் அமிக்டலா பகுதியில் லேசர் ஒளி. எலி என்ன செய்தது? ஷாக் வாங்கிக்கொண்டே குச்சியைத் தேடித் தேடித் தொட்டது! சாதாரண எலி ஒரு முறை தொட்டால் அந்தப் பக்கமே போகாது. 2020-இல் பெரிட்ஜ் குழு வெளியிட்டது. வலியையே ஆசைப்பட வைத்துவிட்டார்கள்!

ஒளியாலும் உண்டு மாயம்!

கரண்ட் கம்பிக்கு வயசாகிவிட்டது. இப்போது ஒளிதான் ஃபேஷன்! குளத்தில் மிதக்கும் பச்சைப் பாசி ஒன்றிலிருந்து ஒளிக்கு விழிக்கும் மரபணுவை எடுத்து எலி நியூரானில் வைக்கிறார்கள். நீல ஒளி பட்டதும் நியூரான் துடிக்கிறது! பாசி கொடுத்த வரம்!

2009-இல் ஸ்டான்ஃபோர்டில் சுண்டெலியின் டோபமின் நியூரான்களை மட்டும் ஒளியால் தட்டினார்கள். நொடிக்கு 50 முறை வேகத்தில் படபடவென்று தட்டினால், அது நடந்த அறையே சுண்டெலிக்குப் பிடித்துப்போனது. நொடிக்கு ஒரு முறை மெதுவாகத் தட்டினால்? ஊஹூம், அசையவில்லை!

ஆண் சுண்டெலி பெண் துணையோடு கழித்த இனிய நேரத்தின் நினைவு எந்த நியூரான்களில் பதிந்தது என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் குறித்துவைத்தார்கள். பிறகு அந்தச் சுண்டெலி மன அழுத்தத்தில் துவண்டு, சர்க்கரைத் தண்ணீரைக்கூடச் சீண்டவில்லை. அந்த நினைவு நியூரான்களை ஒளியால் எழுப்பினார்கள். மறுபடி சர்க்கரையில் நாட்டம்! 2015-இல் நடந்த அதிசயம்!

தூங்கும்போதே ஆசையை ஊட்ட முடியுமா? பாரிஸில் பழைய கரண்ட் கம்பியாலேயே முடித்துக்காட்டினார்கள்! சுண்டெலி தூங்குகிறது. விழித்திருந்தபோது அது சுற்றித் திரிந்த களத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் குறிக்கும் நியூரான் தூக்கத்தில் துடிக்கும்போதெல்லாம் இன்பப் பாதைக்கு ஒரு கரண்ட். விழித்ததும் சுண்டெலி நேராக எங்கே போனது? அந்த இடத்துக்கே! இதுவும் 2015!

டோபமின் கணக்கு!

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அதில் டோபமின் சுரப்பவை எத்தனை? சில லட்சம்தான்! லட்சத்தில் ஒன்று கூடத் தேறாது. ஆனாலும் ஆட்டிப்படைப்பது அதுதான்!

டோபமின் மூளையில் தனியாக வேலை செய்யும் ரசாயனம் என்று 1950-களில் காட்டிய ஸ்வீடன்காரர் அர்விட் கார்ல்சன். நோபல் பரிசு கிடைத்த ஆண்டு 2000. நாற்பது வருடக் காத்திருப்பு!

டோபமினைத் தடுக்கும் மருந்தை எலிக்குக் கொடுத்தால், கரண்ட் வந்துகொண்டிருந்தாலும் கரண்ட் நின்றுவிட்டதுபோல் லீவரை விட்டுவிடுகிறது! கொக்கெயின் கொடுத்தால் நேர் எதிர். வழக்கத்தைவிடக் குறைந்த கரண்டே போதும், எலி குஷியாகிவிடும்! புதிய மருந்துகள் அடிமையாக்குமா என்று சோதிக்க இதே லீவரைத்தான் பயன்படுத்துகிறார்கள்!

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குக்கு ஜூஸ் கொடுத்து டோபமின் நியூரானைக் கவனித்தார். எதிர்பாராத ஜூஸ் என்றால் துடிப்பு. விளக்கு எரிந்தால் ஜூஸ் வரும் என்று பழகியபின் விளக்குக்கே துடிப்பு, ஜூஸுக்கு மௌனம்! விளக்கு எரிந்தும் ஜூஸ் வராவிட்டால்? சரியாக அந்த நொடியில் துடிப்பு அடங்கிவிடும்! இதற்காக 2017-இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து அவர் வாங்கிய மூளைப் பரிசு 10 லட்சம் யூரோ!

மூளைக்குக் கரண்ட் வரப்போகிறது என்று தெரிந்தால் எலி சந்தோஷத்தில் கீச்சிடும்! நமக்குத்தான் கேட்காது. நம் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். எலியின் குதூகலக் குரல் 50 கிலோஹெர்ட்ஸ்! கிச்சுக்கிச்சு மூட்டினாலும் இதே குரல்தான். யாக் பாங்க்செப் குழு கருவி வைத்துக் கேட்டுச் சொன்னது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் சும்மா இருக்குமா? அங்கே 10 நாள் லீவர் மிதித்த எலிகளின் மூளையைப் பார்த்தார்கள். நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் நியூரான்களின் கிளைகளில் முட்கள் கூடியிருந்தன! ஆசை மூளையின் வடிவத்தையே மாற்றிவிட்டது!

கடைசி முத்து! ஜெனீவாவில் சுண்டெலிகளுக்கு லீவர் கொடுத்தார்கள், அமுக்கினால் டோபமின் நியூரான்களுக்கு ஒளி. எல்லாம் விடாமல் அமுக்கப் பழகிவிட்டன. பிறகு அமுக்கினால் காலில் ஷாக்கும் சேர்த்து வைத்தார்கள். ஒரே இனம், ஒரே கூண்டு, ஒரே தீனி. ஏறக்குறைய 60 சதவீதம் ஷாக் வாங்கிக்கொண்டே அமுக்கின. மீதி 40 சதவீதம் லீவரைக் கைகழுவிவிட்டன!

எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள் அல்லவா? சும்மா வைத்துக்கொள்ளாதீர்கள்! இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள்: "மூளைக்குக் கரண்ட் கிடைக்கும் என்றால் நத்தை வேலை செய்யுமா, செய்யாதா?" பந்தயம் கட்டுங்கள். ஜெயிக்கப்போவது நீங்கள்தான்!